மாயம் பின்னும் நீர் டிராகன்: மூன்றில் எது உங்கள் மேசைக்கு?

ஒன்றரை வருடமாக சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் வீட்டு ஹாலில், சனிக்கிழமை சாயங்காலங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் திருடி, பூசாரி என்று ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள், பேச்செல்லாம் தமிழ். நான்கு பேர் ஆடுகிறார்கள், கதையை நடத்தும் டிஎம் நான். பதினோராம் லெவல் வந்தாயிற்று. காடும் மலையும் முடிந்து கதை கடலில் இறங்கிவிட்டது. அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பது உருமாறவும் மாயத் தோற்றங்களைப் பின்னவும் தெரிந்த ஒரு நீர் டிராகன். இது முதல் நாளே முடிவான விஷயம். எந்த டிராகன் என்பதுதான் முடிவாகாமல் கிடந்தது.

கையில் மூன்று இருந்தன. விதிப் புத்தகத்திலேயே இருக்கும் வெண்கல டிராகன். அதே புத்தகத்தின் ஆமை டிராகன். அப்புறம், பழைய சீனக் கதைகளில் வரும் ஷென். மூன்று வாரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதே இடத்தில் நிற்கும் வேறு டிஎம்-களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலம், எவ்வளவு அடி தாங்கும் என்று சொல்லும் ஹிட் பாயிண்ட், மூச்சுத் தாக்குதல் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். இந்த டிராகன் சொல்லும் பொய்யை ஆடுபவர்கள் தாங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தப் பாடம் எனக்கு ஒரு பாலத்தில் கிடைத்தது. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மந்திரவாதி 'மேஜர் இமேஜ்' போட்டு ஓர் ஆற்றின் மேல் பாலம் காட்டினான். மூன்றாம் லெவல் மந்திரம். இருபதடிக் கனசதுரத்துக்குள் உருவம், ஓசை, வாசனை எல்லாம் வரும். ஆனால் தொட்டால் கை உள்ளே போய்விடும். எங்கள் திருடி காலை வைத்தாள், விழுந்தாள், வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் சிரிப்பு இல்லை. கதவு, படி, கிணறு, எதைக் கண்டாலும் குச்சியால் தட்டினார்கள். வழி சொல்ல வந்த ஒரு கிழவியைக்கூட விடவில்லை. "அண்ணே, பாட்டியையும் ஒரு தடவை குச்சியால தொட்டுப் பார்த்துடறேன்" என்றான் ஒரு தம்பி. நான்கு மணி நேரத்தில் மூன்று அறைதான் நகர்ந்தோம்.

தப்பு என்னுடையது. பாலத்தின் நிழல் தண்ணீரில் விழவில்லை என்று அன்றைக்கு நான் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் கவனித்திருந்தால் அது வெற்றி. கவனிக்காமல் விழுந்திருந்தாலும் "அடடா, நிழல் இல்லைன்னு சொன்னாரே" என்று தலையில் அடித்துக்கொண்டு அடுத்த முறை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தடயம் வைக்காமல் மாயம் காட்டினால் ஆடுபவர்கள் டிஎம்மையே நம்பாமல் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு எந்தக் கதையும் நடக்காது.

சரி, டிராகன்களுக்கு வருவோம்.

ஆமை டிராகனை முதலில் முடித்துவிடலாம். புத்தகத்தில் அதன் சிஆர், அதாவது வெல்வது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண், 17; ஹிட் பாயிண்ட் 341. அறுபதடிக் கூம்பாகக் கொதிக்கும் ஆவியைக் கக்கும். தண்ணீருக்கு அடியில் இருப்பதால் அந்தச் சூடு குறையாது என்று விதியே சொல்கிறது. உருமாற்றம் கிடையாது, மந்திரமும் கிடையாது. இருந்தும் நான் அதைப் பட்டியலில் வைத்ததற்குக் காரணம் கூசு தீவு. மரினா சவுத் படகுத்துறையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். கூசு என்றால் ஹொக்கியனில் ஆமை. கப்பல் உடைந்து தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற ஒரு பெரிய ஆமை தன்னையே தீவாக மாற்றிக்கொண்டது என்பது அங்கே சொல்லப்படும் கதை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்க் கீழே கோயிலில் கும்பிட்டுவிட்டு, படியேறிக் குன்றின் மேல் இருக்கும் கெராமாட்டுகளுக்கும், அதாவது மலாய்ப் புனிதர்களின் அடக்கத்தலங்களுக்கும், போய்வருவார்கள்.

இரக்கத்தால் உருமாறிய ஆமை. எவ்வளவு நல்ல கதை! ஆனால் ஆட்டத்தில் அதற்கு ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது: "நான் தீவு." தீவுக்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்த நிமிடத்தோடு மாயம் தீர்ந்துவிடும். ஒரே நாளில் முடியும் ஆட்டத்துக்கு, அதுவும் புதிதாக ஆட வருகிற பிள்ளைகளுக்கு, இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பல வாரம் ஓடும் கதைக்கு இது போதாது.

வெண்கல டிராகனிடம் நான் நிறைய நேரம் செலவழித்தேன். வேலையில் பாதியை அது முடித்தே கொடுக்கிறது. கடலோரத்தில் வாழும், நீரிலும் மூச்சு விடும், நல்ல குணம். முழுதாக வளர்ந்ததற்கு சிஆர் 15, ஹிட் பாயிண்ட் 212. மனிதனாகவோ விலங்காகவோ உருமாறும்; உருமாறினாலும் அறிவு, பேச்சு, ஹிட் பாயிண்ட் எல்லாம் அதனுடையவையே. மூச்சு இரண்டு வகை: ஒன்று தொண்ணூறு அடி நீளத்துக்கு ஒரு மின்னல் கோடு, இன்னொன்று எதிரே இருப்பவர்களை அறுபதடி தள்ளிவிடும் விலக்கு மூச்சு. இந்த இரண்டாவதை டிஎம்-கள் கண்டுகொள்வதே இல்லை. கப்பல் தளத்தில் நிற்கும் ஒரு குழுவை அறுபதடி தள்ளினால் எங்கே போய் விழுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் சண்டை முடிந்துவிடும்.

மாயத்துக்கு என்ன செய்வது? டிராகன்களுக்கு இயல்பிலேயே மந்திரம் தரும் ஒரு மாற்று விதி அந்தப் புத்தகத்தில் உண்டு. வசீகரத்தை அளக்கும் கரிஸ்மாவின் மாடிஃபையர் (பகடையோடு கூட்டும் எண்) எவ்வளவோ அத்தனை மந்திரங்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு முறை. மந்திரத்தின் லெவல், சிஆர் எண்ணில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படியானால் இந்த வெண்கல டிராகனுக்கு ஐந்தாம் லெவல் வரை நான்கு மந்திரம். நான் குறித்து வைத்தவை: மேஜர் இமேஜ், ஒரு நிலப்பரப்பையே இருபத்து நான்கு மணி நேரம் வேறாகக் காட்டும் 'ஹாலூசினேட்டரி டெரெயின்', ஒரு கூட்டத்தையே எட்டு மணி நேரம் வேறு ஆட்களாகக் காட்டும் 'சீமிங்', கடைசியாகச் சாதாரண மூடுபனி. ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் எல்லாம் தயார். வேலை, குழந்தை, தேசிய சேவைக்கான முகாம் அழைப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் டிஎம்-களுக்கு இது பெரிய விஷயம். நேரமில்லை என்றால் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு இடத்தில் இடித்தது. முதலாவது, பதினோராம் லெவல் பூசாரிக்கு ஆறாம் லெவல் மந்திரம் வந்துவிடும். எங்கள் குழுவில் பூசாரியாக ஆடுபவர் பக்கத்து புளோக் அக்கா. மந்திரப் பட்டியலை அவர் படித்த வேகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, 'ட்ரூ சீயிங்' எடுக்கப்போகிறார் என்று. ஒரு மணி நேரம் எல்லா மாயத்தையும் ஊடுருவிப் பார்க்கலாம். கப்பலில் மீனவனாக நிற்கும் டிராகன் அவர் கண்ணுக்கு டிராகனாகவே தெரியும். ஆறு வாரம் கட்டிய மாயம் அந்த ஒரு பார்வையோடு போய்விடும்.

இரண்டாவது, அந்த மாயங்கள் டிராகனோடு ஒட்டவில்லை. மின்னல் அதனுடையது, கடல் அதனுடையது. மாயம் மட்டும் கடன் வாங்கியது போலத் தெரிந்தது. ஏன் இது பொய் சொல்கிறது என்று என்னை நானே கேட்டால் பதில் வரவில்லை.

ஷென்னிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பழைய சீன நூல்களில் ஷென் சில இடத்தில் ஒரு பெரிய சிப்பி, சில இடத்தில் கொம்பும் பிடரிமயிரும் உள்ள டிராகன் இனம். எதுவானாலும் அது மூச்சு விட்டால் கடலுக்கு மேல் மாடமாளிகைகள் எழும். கானல் தோற்றத்துக்குச் சீன மொழியில் இன்றும் வழங்கும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'கடல் சந்தை, ஷென் மாடம்' என்று வருகிறது. நம்மிடம் கானல் நீர் இருக்கிறது, சங்கப் பாட்டுகளின் பேய்த்தேர் இருக்கிறது. நம்முடையது காய்ந்த நிலத்தில் ஓடும் தேர், அவர்களுடையது கடல்மேல் எழும் நகரம். கடலின் குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று படியும்போது ஒளி வளைந்து, தூரத்துக் கரையும் கப்பலும் உயர்ந்து நீண்டு தெரியும். அதைக் கண்டு கடலுக்குள் எதுவோ மூச்சு விடுகிறது என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

ஷென்னுக்கு மாயம்தான் மூச்சு. அது பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூட வேண்டியதில்லை. தூங்கும்போது மூச்சு விட்டாலே தண்ணீர் மேல் ஒரு தெரு எழும். இந்த ஒரு எண்ணம் போதும், டிராகன் உயிரோடு வந்து நின்றுவிடும். கிழக்குக் கரையோரப் பூங்காவில் இரவு எட்டு மணிக்கு மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்களா? நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் தொடுவானம் முழுக்க வரிசையாக நிற்கும். புதிதாக வந்தவர்கள் "அது எந்த ஊர்?" என்று கேட்பார்கள். என் அம்மாவும் முதல் தடவை அப்படித்தான் கேட்டார். விடிந்து பார்த்தால் அந்த 'ஊரில்' பாதி கிளம்பிப் போயிருக்கும். ஷென் ஊதிய நகரத்தை என் மேசையில் நான் வருணித்தது அந்த விளக்குகளை நினைத்துத்தான்.

பதினாறாம் நூற்றாண்டின் சீன மருத்துவ நூலான பென்சாவ் காங்மூவில் இன்னொன்றும் இருக்கிறது. ஷென்னின் கொழுப்பை மெழுகோடு கலந்து மெழுகுவத்தி செய்தால், அதன் புகையில் மாடங்கள் தெரியும் என்கிறது. டிஎம்-ஆக இருக்கும் யாரும் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. ஆடுபவர்கள் கையில் ஒரு மெழுகுவத்தி கிடைக்கிறது. ஏற்றினால் அவர்களும் மாயம் காட்டலாம். சந்தோஷமாக இரண்டு வாரம் பயன்படுத்துவார்கள். பிறகு ஒரு நாள் அதில் என்ன கலந்திருக்கிறது, அந்தக் கொழுப்பு யாருடையது என்று தெரியவரும். டிராகன் ஏன் மனிதர்களைக் கரைக்கு வரவிடாமல் நகரம் காட்டித் திசை திருப்புகிறது என்பதற்கும் அங்கேயே காரணம் கிடைத்துவிடுகிறது.

ஷென்னின் குறை வேலைதான். ஐந்தாம் பதிப்பின் அடிப்படைப் புத்தகத்தில் அதற்கு எண்கள் இல்லை. நான் கட்டியது இப்படி: உடம்பு வெண்கல டிராகனுடையது, விலக்கு மூச்சோடு. மின்னலை எடுத்துவிட்டு ஆமை டிராகனின் ஆவியை வைத்தேன். சராசரிச் சேதம் 66-இலிருந்து 52-க்கு இறங்குகிறது. நான்கு பேர் குழுவுக்கு அதுதான் நியாயம். பூசாரி அக்காவுக்குப் பதில் 'மிராஜ் ஆர்கேன்'. ஏழாம் லெவல் மந்திரம், ஒரு மைல் சதுரம், பத்து நாள். ட்ரூ சீயிங் உள்ளவருக்கு உண்மையான நிலம் தெரியும். ஆனால் மாயம் கைக்குத் தட்டுப்படுவது நிற்காது. அதாவது அக்கா கண்ணுக்கு அங்கே வெறும் கடல். ஆனாலும் அந்தத் தெருவில் அவரால் நடக்க முடியும். பொய் என்று தெரிந்த பிறகும் அதன் மேல் நிற்க வேண்டியிருக்கும். விதிப்படி இந்த மந்திரம் சிஆர் 22 உள்ள தொல்வெண்கல டிராகனுக்குத்தான் எட்டும். நான் அதை மந்திரமாகக் கொடுக்காமல் அதன் இருப்பிடத்தின் தன்மையாக வைத்துக்கொண்டேன்.

நாகம் ஏன் இல்லை, மகரம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நாகத்தைப் பலமுறை ஆடியாயிற்று. மகரத்துக்கு அழகான உருவம் உண்டு, மாயம் இல்லை. மணிமேகலையிலிருந்து மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மணிமேகலா தெய்வம் தந்த மந்திரத்தால் மணிமேகலை காயசண்டிகையாக உருமாறித் திரிகிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவள் பின்னால் வரும் உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். நல்லதற்காக எடுத்த வேடம், சம்பந்தமில்லாத ஒரு சாவில் முடிகிறது. எங்கள் டிராகனும் இப்படி ஒருமுறை செய்திருக்கிறது. அதனால்தான் அது மனித உருவம் எடுக்க யோசிக்கிறது. இதை நான் எங்கும் சொல்லப்போவதில்லை. கேட்டால் டிராகன் சொல்லும்.

ஆக, நான் எடுத்தது ஷென். தடயம் என்ன என்பதுதான் பாக்கி. அது கெப்பல் துறைமுகத்தில் கிடைத்தது. அந்தத் துறைமுகத்தின் மேற்கு வாசலில் முன்பு ஒரு செங்குத்துப் பாறை நின்றது. சீன மாலுமிகளுக்கு அது லோங்யாமென், டிராகன் பல் வாசல். பதினான்காம் நூற்றாண்டில் சீனப் பயணி வாங் தாயுவான் அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார். கால்வாயை அகலப்படுத்த 1848-இல் பிரிட்டிஷார் அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது லாப்ரடார் பூங்காவில் நிற்பது 2005-இல் வைத்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது: இது டிராகனின் பல் என்றால், அந்த டிராகனுக்கு இப்போது ஒரு பல் இல்லை. எந்த உருவம் எடுத்தாலும் இருக்காது. டால்பினாக வந்தாலும், மீனவனாக வந்தாலும், மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு ஓட்டை.

நல்ல தடயம்தான். ஆனால் நிறையக் கதை கேட்ட நான்கு பேருக்கு அது மிகவும் எளிது. இரண்டாவது தடவையே பிடித்துவிடுவார்கள். டிராகனும் முட்டாள் இல்லையே. தன் பல்லை மறைக்க அது என்ன செய்யும்?

விடை, மலாய் அரசர்களின் கதை சொல்லும் பழைய நூலான செஜாரா மெலாயுவில் இருந்தது. ராஜா சூலான் பெரும் படையோடு சீனாவைப் பிடிக்கக் கிளம்பித் தெமாசெக் வரை, அதாவது பழைய சிங்கப்பூர் வரை, வருகிறான். பெயரிலேயே சோழன் இருக்கிறான். சேதி கேட்ட சீன அரசன் ஒரு கப்பல் நிறையத் துருப்பிடித்த ஊசிகள், காய்த்த பழமரங்கள், பல் போன கிழவர்கள் என்று ஏற்றி அனுப்புகிறான். சீனா எவ்வளவு தூரம் என்று சூலானின் ஆட்கள் கேட்கிறார்கள். "புறப்படும்போது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்கள் அப்போது நாங்கள் போட்ட விதைகள். இந்த ஊசிகள் அப்போது கை தடிமன் இரும்புக் கம்பிகள்" என்கிறார்கள் கிழவர்கள். இவ்வளவு தூரமா என்று படை திரும்பிப் போய்விடுகிறது. ஒரு துளி மந்திரம் இல்லை. கண்ணுக்கு எதிரே இருக்கும் எல்லாமே நிஜம். சொன்ன கதை மட்டும்தான் பொய். ட்ரூ சீயிங் போட்டுப் பார்த்தாலும் ஊசி ஊசிதான், கிழவர் கிழவர்தான். நான் படித்த மாயக் காட்சிகளிலேயே மிகச் சிறந்தது இதுதான். அதுவும் நாம் இருக்கும் இந்தத் தீவில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே என் டிராகன் அந்தக் கப்பலில் ஏறிக்கொண்டது. பன்னிரண்டு கிழவர்கள். பதினொருவருக்கு ஒரு பல்லும் இல்லை. பன்னிரண்டாமவர் வாயைத் திறப்பதே இல்லை.

போன சனிக்கிழமை அதை ஆடினோம். ஊசியை முதலில் சந்தேகப்பட்டது திருடிதான். விரலால் தேய்த்துப் பார்த்தாள்; துரு ஒட்டியது, நிஜமான துரு. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வைத்துவிட்டாள். அக்கா ட்ரூ சீயிங்கை வீணாக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டார். கடலில் தெரியும் நகரத்தின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். கிழவர்கள் பாவம், பசியோடு இருப்பார்கள் என்று பூசாரியின் பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். டேக்காவில் வாங்கிவந்த முறுக்கு அப்போது மேசையிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த எண்ணமே வந்திருக்க வேண்டும்.

பதினொரு கிழவர்கள் முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள் என்று சொன்னேன். பன்னிரண்டாமவர் வாங்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார் என்றேன். அப்புறம் எதுவும் சொல்லாமல், தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

அக்காதான் முதலில் நிமிர்ந்து பார்த்தார்.